கை நனைக்கும் முன் சொல்லிவிடு

தம்பி,

உன் பாஸ்போர்ட் பீரோவில்தான் இருக்கிறது. அதை எடுத்து உன் கையில் நான் தரப் போவதில்லை. நேற்று போனில், "ம்மா, விசாவுக்கு அனுப்பணும், ஞாயித்துக்கெழம வர்றப்ப எடுத்து வெச்சிடு" என்று, ஏதோ இஸ்திரி போட்ட சட்டையைக் கேட்பதுபோல் கேட்டாய். நான் குக்கர் விசில் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. உன் குரலைக் கேட்டுக்கொண்டே உனக்கு எதிராகப் பேச எனக்கு வராது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்தே வராது. எழுதும்போது அந்தத் தொந்தரவு இல்லை. கம்பெனியில் இருந்து வந்து, குளித்து, ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்திருக்கிறேன். நீயும் நிதானமாகப் படி. ராணிப்பேட்டை ரூமில் கூட இருக்கிற பையன்கள் சுற்றி நின்றால் மொட்டை மாடிக்குப் போய்ப் படி.

ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டில் இருந்து யமுனாவையும் கூட்டிக்கொண்டு அவள் அப்பா, அம்மா, பெரியப்பா எல்லோரும் நம் வீட்டில் கை நனைக்க வருகிறார்கள். உனக்கு அது ஒரு மத்தியானச் சாப்பாடு. அவர்களுக்கு அப்படி இல்லை. இதற்கு முன் வந்தபோதெல்லாம் நான் எவ்வளவு சொல்லியும் ஒரு வாய் காபி வாங்கவில்லை, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்களே, கவனித்தாயா? சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் வாய் வைக்க மாட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு ஏதோ ஒன்று தெரிய வந்து அவர்கள் பின்வாங்கினால், ஊர் உன்னைக் கேட்காது. 'அந்தப் பொண்ணுக்கு இன்னா குறையோ' என்று அவளைத்தான் கேட்கும். அதனால் அவர்கள் நம் வீட்டு இலையில் உட்காருவதற்கு முன், நீ கம்போடியாவில் சூதாடியதை யமுனாவிடம் உன் வாயால் சொல்லியாக வேண்டும். இந்தக் கடிதத்தில் விஷயம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று உனக்குப் புரிய வைப்பதற்கு.

"கல்யாணம் ஆனப்புறம் நானே மெதுவா சொல்லிக்கறேம்மா" என்றாய் போன மாதம். உன் அப்பாவும் உன் கட்சி. "ஆடினான், விட்டுட்டான். விட்டதப் போய் எதுக்குடி கிளறணும்? நல்ல எடம், தட்டிப் போய்டும்" என்கிறார். மனுஷன் கெட்டவர் இல்லை. ஜோலார்பேட்டையில் ஆசை ஆசையாய் வாங்கிப் போட்ட மனையை விற்று உன்னை ஊருக்கு வரவழைத்தபோது உன்னை ஒரு வார்த்தை திட்டாதவர். அந்த மனை என்ன விலைக்குப் போனது, அங்கே நீ எவ்வளவு விட்டாய் என்றெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. பணம் போனதில் எனக்கு வயிறு எரிந்தது உண்மை. அது ஆறிவிட்டது. ஆறாமல் இருப்பது வேறு ஒன்று. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் உன்னைப் பார்க்க அங்கே வந்த கதையைத்தான் சொல்ல வேண்டும். நீயும் கூடவே இருந்தாய், ஆனால் நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை.

டிப்ளமோ முடித்து, ஆம்பூரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் வேலை கற்றுக்கொண்டு, அப்புறம் கம்போடியாவில் வியட்நாம் எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊருக்குப் போனாய். அங்கே ஒரு ஷூ கம்பெனியில் லைன் முழுக்க உன் பொறுப்பு. நம் தெருவில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஒரு வருஷம் போனதும், "ம்மா, நீ ஒரு தடவ வந்து பாரு" என்று டிக்கெட் அனுப்பினாய். பெங்களூரைத் தாண்டாத நான், முதல்முறையாகப் பாஸ்போர்ட் எடுத்து, ஊறுகாயும் வறுத்த மிளகாயும் கட்டிக்கொண்டு, விமானத்தில் பாத்ரூம் கதவைத் திறக்கத் தெரியாமல் தவித்து வந்து சேர்ந்தேன். மறுநாளே உன் கம்பெனிக்குக் கூட்டிப் போனாய். நம் ஊர் போலவே வரிசை வரிசையாகப் பெண்கள். அதே பசை வாடை. எனக்கு ஆம்பூரிலேயே இருப்பதுபோல் இருந்தது. ஆனால் நீ அந்தப் பெண்களிடம் பேசியதைப் பார்த்தபோதுதான் ஊர் மாறியது தெரிந்தது. கட்டை விரலைத் தூக்கினால் நன்றாக இருக்கிறது, தலையை ஆட்டினால் சரியில்லை. அவ்வளவுதான் உன் பேச்சு. நீ திரும்பியதும் அவர்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நீயும் என்னவென்றே தெரியாமல் கூடச் சிரித்தாய்.

சாயங்காலம் தயிர் வாங்கக் கடைக்குப் போனோம். நீ கடைக்காரம்மாவுக்கு முன்னால் மாடு மாதிரி கத்திக் காட்டி, கையால் பால் கறந்து காட்டி, கடைசியில் ஒரு டப்பா கெட்டிப் பாலோடு வந்தாய். நான் ரோட்டிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதை ஊருக்கு வந்து எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. நம் வீட்டில் நீ எப்படிப் பேசுவாய்? வாயாடி. என்னோடு வேலை செய்யும் ஷாகிரா வீட்டுக்குப் போனால் அவள் பிள்ளைகளோடு உருதுவில் சண்டை போடுவாய், பால்காரரிடம் தெலுங்கில் பேரம் பேசுவாய், உன் அப்பாவை அவர் மாதிரியே பேசிக் காட்டுவாய். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு வருஷமாகக் கட்டை விரலை மட்டும் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறான். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பிள்ளை கைநிறையச் சம்பாதிக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, "இன்னிக்கு உனக்கு நம்ம ஊரு சாப்பாடு வாங்கித் தர்றேன் வா" என்று ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப் போனாய். வெளியில் பார்த்தால் நம் ஊர்க் கல்யாண மண்டபத்துக்குச் சீரியல் பல்பு போட்டது மாதிரி, பட்டப் பகலிலேயே எரிந்துகொண்டிருந்தது. வாசலில் என் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். சாப்பிடப் போகிற இடத்தில் எதற்குப் பாஸ்போர்ட் என்று கேட்டேன். நம்மைக் கொண்டுவந்துவிட்ட டிரைவர் பையனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவன் சிரித்துக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டான். நீ சொன்னாய், "இந்த ஊர்க்காரங்க உள்ள போய் ஆடக் கூடாதும்மா, சட்டம். நம்மள மாதிரி வெளியில இருந்து வந்தவங்களுக்கு மட்டும்தான்." அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு மிதப்பு இருந்தது. அந்த ஊர் தன் பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைக்க ஒரு சட்டம் போட்டிருக்கிறது. உன்னைத் தள்ளி நிற்கவைப்பது அவர்கள் வேலை இல்லை. அது என் வேலை. நான் அன்றைக்கு ஹோட்டல் தரையின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்த பெண்ணை நினைவிருக்கிறதா? மஞ்சள் சட்டை, குட்டையாக, பொம்மை மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்துக் கை கூப்பி, "வணக்கம் அம்மா" என்றாள். நல்ல தமிழில், 'ண' கூடப் பிசகாமல். எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. உள்ளே ஜூஸ் கொண்டுவந்த பையனும் "வணக்கம் அம்மா" என்றான். மேஜையில் சீட்டுப் போடுகிறவளும் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக நீ வேலை செய்யும் கம்பெனியில், உன் லைனில், ஒருத்திக்கும் வணக்கம் தெரியவில்லை. நீ தினமும் போகும் கடையில் தெரியவில்லை. இங்கே வாசலில் இருந்து மேஜைவரை அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை நாள் வந்து, எவ்வளவு நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருப்பாய்? நீ ஒரு வார்த்தைகூட ஒப்புக்கொள்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் நான் எழுந்து வரவில்லை. "சும்மா பாரும்மா, ஜாலிக்குத்தான்" என்று பக்கத்தில் உட்கார வைத்தாய். நீ விரலால் மேஜையைத் தட்டினாய், சீட்டு வந்தது. கையை லேசாக வீசினாய், நின்றது. யாரும் உன்னைத் திருப்பி இன்னா என்று கேட்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. தோல் கம்பெனி முதலாளி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். நீ அந்த ஊருக்குப் போனதிலிருந்து உன்னை அப்படி நான் பார்த்த இடம் அது ஒன்றுதான். புதிதாக வந்தவர்களுக்கு என்று எனக்கும் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடுகிற வில்லை ஒன்று கொடுத்தார்கள், கேரம் காய் சைஸில். நீ காட்டிய இடத்தில் வைத்தேன். ஜெயித்துவிட்டேன். இதை நான் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் யோக்கியமாக இருக்காது: எனக்கும் ஆசை வந்தது, தம்பி. கை தானாக இன்னொரு முறை வைக்கப் போனது. சுற்றி இருந்தவர்கள் எனக்காகக் கை தட்டினார்கள். ஷூ கம்பெனியில் இத்தனை வருஷம் வேலை செய்கிறேன், எனக்காக யாரும் கை தட்டியதில்லை. அதனால் 'இவனுக்கு எப்படிப் புத்தி இப்படிப் போச்சு' என்று உன்னை நான் கேட்க மாட்டேன். எப்படிப் போகும் என்று ஒரு மத்தியானத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பயந்துதான் எழுந்தேன். உன்னிடம் சொல்லாமல் வாசலைத் தேடிப் போனேன். அங்கே ஜன்னல் இல்லை, சுவரில் கடிகாரம் இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கம்பளம், அதே விளக்கு. மஞ்சள் சட்டைப் பெண்ணைப் பார்த்ததும் உயிர் வந்தது. "வெளிய, வெளிய போணும்மா" என்றேன். அவள் அழகாகச் சிரித்து, என் கையைப் பிடித்து, இன்னொரு மேஜையில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். இன்னொரு பையனைக் கேட்டேன். அவன் ஐஸ்கிரீம் கொண்டுவந்து கொடுத்தான். அவர்கள் மேல் தப்பில்லை. உள்ளே வரச் சொல்லும் வார்த்தையை மட்டும்தான் நீ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய். கடைசியில் நீயே தேடி வந்து என்னை வெளியே கூட்டிப் போனாய். வெயில் கண்ணைக் குத்தியது. ரோட்டோரம் இருந்த கட்டையில் உட்கார்ந்து நான் அழுத பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாய்.

"காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஊமை மாதிரி இருக்கேம்மா. ரூமுக்கு வந்தா செவுரு. அங்க போனா பேசவே தேவ இல்ல. வெரல தட்டினா புரியுது அவங்களுக்கு" என்றாய். இன்னொன்றும் சொன்னாய். முதல் முறை போனபோது உனக்கும் வில்லைகள் சும்மா கொடுத்திருக்கிறார்கள். அதைப் பணமாக மாற்றலாம் என்று நினைத்துக் கவுண்டருக்கு எடுத்துப் போயிருக்கிறாய். அங்கே இருந்தவள் ஆங்கிலத்தில் நீளமாக என்னவோ சொல்லியிருக்கிறாள். அந்த வில்லைகள் ஆடுவதற்கு மட்டும்தான் செல்லும், பணமாகாது என்பது உனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் கூச்சம். "ஓகே, ஓகே" என்று தலையாட்டிவிட்டு நேராக மேஜைக்கே திரும்பிப் போயிருக்கிறாய். "அங்கயே இன்னொரு தடவ கேட்டிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு வந்திருப்பேன் போல" என்றாய். நீ சொன்னதில் என்னை ரொம்பவும் சுட்டது இதுதான்.

ஏன் சுட்டது என்று சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அதுவரை தமிழில் படித்தவன். சேர்ந்த புதிதில் ஒருநாள் டீச்சர் என்னை வரச் சொன்னார். யாரோ ஒரு பையன் ஜன்னல் கண்ணாடியை உடைத்திருக்கிறான். வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி, நீயா உடைத்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். உன் முறை வந்தபோது எழுந்து நின்று தெளிவாக "யெஸ் மிஸ்" என்று சொல்லியிருக்கிறாய். எதைக் கேட்டாலும் யெஸ் மிஸ் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நீயே கண்டுபிடித்து வைத்திருந்தாய். செய்யாத தப்புக்கு முட்டி போட்டுவிட்டு வந்தாய். வீட்டுக்கு வந்து நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கல்யாண வீடுகளில்கூட உன் அப்பா அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அன்றைக்குச் சிரிக்காமல், 'புரியலைன்னா புரியலைன்னு சொல்லுடா, அதுல ஒரு கேவலமும் இல்ல' என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எந்த ஊருக்குப் போனாலும், எந்தக் கவுண்டரில் நின்றாலும், புரியாவிட்டால் நில். திரும்பக் கேள். அவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உனக்குப் பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.

இப்போது யமுனாவுக்கு வருகிறேன். நீ என்ன திட்டம் போட்டிருக்கிறாய்? கல்யாணம் முடிந்ததும் வியட்நாம். அதே மாதிரி கம்பெனி, அதே மாதிரி வேலை, இந்த முறை குடும்பத்தோடு. அங்கேயும் பாஸ்போர்ட்டைக் காட்டினால் கதவு திறக்கிற இடங்கள் இருக்கின்றன, நான் விசாரித்துவிட்டேன். உனக்காவது கம்பெனி இருக்கும், லைன் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு? வேலூரில் ஆஸ்பத்திரி லேபில் நாலு பேரோடு சிரித்துப் பேசி வேலை பார்க்கிறவள். அந்த வேலையை உனக்காக விட்டுவிட்டு வரப் போகிறாள். அங்கே அவள்தான் மாடு மாதிரி கத்தித் தயிர் கேட்க வேண்டும். நீ ஒருநாள் வீட்டுக்கு வர நேரமானால் யாரைக் கேட்பாள்? எந்த மொழியில் கேட்பாள்? என்னவென்று கேட்பாள், அவளுக்குத்தான் ஒன்றுமே தெரியாதே. நீ அங்கே ஊமையாக இருந்த ஒரு வருஷத்தை, அதைவிட மோசமாக, அவள் தலையில் கட்டப் பார்க்கிறாய். என் மகளாக இருந்தால் இதற்குச் சம்மதிப்பேனா? மாட்டேன். அப்புறம் இன்னொருத்தி மகளுக்கு மட்டும் எப்படிச் சம்மதிப்பேன்?

ஷாகிராவிடம் மட்டும் இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கம்பெனியில் அவளும் நானும் எதிரெதிரே நின்றுதான் வேலை செய்கிறோம் என்பது உனக்குத் தெரியும். தோல் வெட்டப் போவதற்கு முன் எங்கள் மேஜைக்கு வரும். முள் கிழித்தது, உண்ணி கடித்தது, கத்தி பட்டது, எது இருந்தாலும் வெள்ளி நிறப் பேனாவால் சுற்றி வட்டம் போட்டுவிடுவோம். வட்டம் போட்ட தோலை யாரும் தூக்கி எறிவதில்லை. வெட்டுகிறவன் வட்டத்தைத் தள்ளி அச்சு வைத்து வெட்டிக்கொள்வான், மிச்சத்தில் நல்ல ஷூ வரும். போன மழைக்காலத்தில் ஒரு லோடு வந்தது, ஒரு கீறல் இல்லாமல் கண்ணாடி மாதிரி. எங்கோ ஒருத்தர் குறையை மறைத்து மேலே தடிமனாகக் கலர் அடித்து அனுப்பியிருந்தார். நாங்களும் ஏமாந்து வட்டம் போடாமல் அனுப்பிவிட்டோம். வெட்டி, தைத்து, கடைசியில் பாத வடிவக் கட்டையில் மாட்டி இழுக்கும்போது ஒவ்வொன்றாக வாயைத் திறந்தது. அத்தனை பேர் வேலையும் வீண். உன் விஷயத்தைச் சொன்னபோது ஷாகிரா பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இப்ப சொன்னா கொஞ்சம் பேஜாரு. இழுக்கறப்ப தெரிஞ்சா ஜாஸ்தி பேஜாரு. உனக்குத் தெரியாததா?" என்றாள். எனக்குத் தெரிந்ததுதான். இன்னொருத்தர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

ஒருவேளை யமுனா வேண்டாம் என்று சொல்லலாம். சொல்லட்டும். உனக்கு வலிக்கும், எனக்கும் வலிக்கும். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. போன முறை வந்தபோது சமையலறைக்குள் வந்து என் கைச் சூட்டுத் தழும்பைப் பார்த்து மருந்து பெயர் சொன்னவள். அவள் நமக்கு மருமகளாக வராமல் போனால் நான் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடப்பேனோ தெரியாது. இருந்தாலும் தெரிந்து வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. தெரிந்தே சரி என்று சொன்னால், பிறகு வியட்நாம் போவதா, ராணிப்பேட்டையிலேயே இருப்பதா, பாஸ்போர்ட் யாரிடம் இருப்பது என்பதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் உனக்குக் காவல் இருக்க வரவில்லை. 'நீ பாத்துக்கோ' என்று பாஸ்போர்ட்டை அவள் கையில் திணித்துவிட்டு நீ தப்பித்துக்கொள்ளக் கூடாது. உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நீதான்.

சனிக்கிழமை அவளுக்கு மத்தியானத்தோடு டியூட்டி முடிகிறது. ராணிப்பேட்டையில் இருந்து வேலூருக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்? போ. போனில் சொல்லாதே, முகம் பார்த்துச் சொல். 'கொஞ்ச நாள் பிரெண்ட்ஸோட விளையாடினேன்' என்று பூசி மெழுகாதே. எங்கே, எப்படி, எவ்வளவு, மனை எதற்காக விற்றோம், எல்லாவற்றையும் சொல். அந்த மஞ்சள் சட்டைப் பெண்ணுக்கு வணக்கம் சொல்லிக் கொடுத்ததையும் சொல், யமுனாவுக்கு உன்னைப் புரிய வேண்டுமென்றால் அது தெரிய வேண்டும். அவள் கேட்கிற கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேள். எதற்கெடுத்தாலும் யெஸ் மிஸ் சொல்லி வைக்காதே. சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணு. உன் போன் வந்த பிறகுதான் நான் வடைக்கு உளுந்து ஊறப் போடுவேன். வராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் அடுப்பு எரிந்துகொண்டிருக்காது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நானே சொல்வேன். உன் அப்பா என்னோடு பேசாமல் போனாலும் சரி, நீ என் முகத்தில் முழிக்காமல் போனாலும் சரி. இந்த ஊரில் உன்னைப்போல் வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நீ சொல்லி முடித்த பிறகு, உன் பெயரையும் யமுனா பெயரையும் எடுத்துவிட்டு இந்தக் கடிதத்தை அவர்கள் அம்மாக்களும் படிக்கும்படி செய்யப் போகிறேன். அதற்கு முன் யார் கண்ணிலும் படாது.

கடைசியாகப் பாஸ்போர்ட். ஊருக்கு வந்த அன்றைக்கு, பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே அதை என் கையில் வைத்து, "நானே வந்து கேட்டாலும் குடுக்காதம்மா" என்றாய். அந்தப் பேச்சைத்தான் நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். அதை உன் தீபாவளிச் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். பீரோ சாவி எப்போதும்போல் முருகர் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, நான் இடம் மாற்றவில்லை. வாராவாரம் நீ வந்து, அந்தச் சாவியை எடுத்து, அந்தப் பீரோவைத் திறந்து, அந்தச் சட்டைகளைத்தான் எடுத்துப் போட்டுக்கொள்கிறாய். உன்னை நம்பித்தான் அப்படி விட்டேன் என்று சொன்னால் பொய். பாஸ்போர்ட் மேல் உன் பள்ளிக்கூடச் சட்டையின் பழைய பொத்தான் ஒன்றை வைத்திருந்தேன். நீ பஸ் ஏறியதும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒரு வாரமாவது அது கீழே உருண்டு கிடக்கும் என்று பயந்துகொண்டேதான் பார்ப்பேன். இன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

நீ ஆடியதை யமுனாவிடம் நீ சொல். அந்தப் பொத்தான் நகரவில்லை என்பதை நான் சொல்கிறேன்.

அம்மா